ஒரு நூல் கனம்



நான் ஒரு கிட்டார் செய்த செய்தி எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. காலை நடையில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒருவர் சிதார் என்று கேள்விப்பட்டிருந்தார். இன்னொருவர், "கடையில ஐயாயிரத்துக்குக் கிடைக்குதே, எதுக்கு சார் ஒன்றரை வருஷம்?" என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். செய்தவன் நான் ஒருவன் அல்ல. உளி பிடித்தது ஆசாரியார். காது கொடுத்தது என் நண்பன். நான் செய்தது பெரும்பாலும் 38 வருஷம் ஆபீசில் செய்த வேலைதான். படிப்பது, மொழிபெயர்ப்பது, அளந்து எழுதி வைப்பது.

நம் வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் பார்க்கிற கிட்டார் தட்டையான முகம் கொண்டது. நடுவில் வட்டத் துளை இருக்கும். நாங்கள் செய்தது வேறு ஜாதி. ஆர்ச்டாப் என்பார்கள். அதன் முகமும் முதுகும் வயலினைப் போல மேடாக, உப்பலாக இருக்கும். பலகையை வளைத்து அப்படிச் செய்வதில்லை. கனமான கட்டையை எடுத்து வெளியேயும் உள்ளேயும் செதுக்கிச் செதுக்கி அந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். வட்டத் துளைக்குப் பதில் இரண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்தில் துளைகள். குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தில் அப்படியே நிற்கும். தந்திகள் அடிப்பக்கம் ஒரு தகட்டில் கட்டப்பட்டிருக்கும். வீணையில் அதை நாகபாசம் என்பார்கள் என்று சொன்னதும் ஆசாரியாருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்சன் என்பவர் மாண்டலினையும் கிட்டாரையும் வயலின் போலச் செதுக்க ஆரம்பித்தார். 1898-இல் மாண்டலினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1902-இல் அவர் பெயரில் கம்பெனி வந்தது. 1922-இல் அந்தக் கம்பெனி எஃப் துளைகளோடு எல்-5 என்ற கிட்டாரை வெளியிட்டது. அகலம் 16 அங்குலம். நடன மண்டபங்களில் எக்காளமும் சாக்ஸஃபோனும் முழங்கும்போது நடுவே கிட்டார் சத்தம் கேட்க வேண்டுமே! மின்சாரக் கிட்டார் பரவாத காலம். அதனால் உடம்பு பெருத்துக்கொண்டே போனது. 1934-இல் 18 அங்குலத்துக்கு வந்துவிட்டார்கள். பந்தியில் பரிமாறுகிற தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொள்வது போலத்தான்.

ஆனால் அதே கம்பெனி ஆரம்ப காலத்தில் பதின்மூன்றரை அங்குல அகலத்தில், செதுக்கிய முகத்தோடு, சின்னக் கிட்டாரும் செய்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த அளவு. ஏன் என்று சொல்கிறேன்.

என் நண்பன் பெயரைச் சொன்னால் முத்தியால்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். வேண்டாம் என்கிறான். நானும் அவனும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எங்களுக்குப் பதினோரு வயது. அவன் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் எடுக்கவில்லை. அவன் பதினெட்டு வயதில் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். நான் இங்கே பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனேன். அவன் சொல்தா பென்ஷனோடு ஊர் திரும்பியபோது தோளில் ஒரு பெரிய ஆர்ச்டாப் கிட்டார் இருந்தது. 1950-களில் பிரான்சில் செய்தது, 17 அங்குலம். ஜூலை 14 கொண்டாட்டங்களிலும், கல்யாண வீடுகளிலும், கிறிஸ்துமஸ் இரவிலும் அவன் வாசித்ததைக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள்.

2021 பிப்ரவரியில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பியது. கால் திரும்பியது. விரல்களும் ஓரளவுக்குத் திரும்பின. தோள்தான் திரும்பவில்லை. வலது முழங்கை நெஞ்சு உயரத்துக்கு மேலே எழும்பாது. 17 அங்குலக் கிட்டாரை அணைத்துக் கையை மேலே போட்டு வாசிக்க வேண்டும் என்றால் தோள் எழும்பியாக வேண்டும். பெரிய கிட்டார் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ஒருநாள் அவன் மனைவி என்னை வாசல்வரை வழியனுப்ப வந்து, "அண்ணே, அவரு கையில ஏதாச்சும் இருக்கணும்ண்ணே. நாள் பூராச் செவுத்தயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார்.

பிரான்சில் இருக்கும் அவன் மகன் சின்ன நைலான் தந்திக் கிட்டார் ஒன்றை வாங்கி அனுப்பினான். நண்பன் அதை இரண்டு தரம் மீட்டிவிட்டு, "இது என்னத் தூங்க வைக்கும், எழுப்பாது" என்று பேரனுக்குக் கொடுத்துவிட்டான். அவனுக்கு இரும்புத் தந்தியும் ஆர்ச்டாப்பின் அந்தச் சுருக்கென்ற சத்தமும் வேண்டும். சின்ன ஆர்ச்டாப் கடையில் கிடைக்காதா என்று தேடினோம். தொழிற்சாலையில் வருபவை பெரும்பாலும் ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்திச் செய்தவை, மின்சாரம் கொடுத்து வாசிக்க. மின்சாரம் இல்லாவிட்டால் முனகும். கையால் செதுக்கியது வேண்டுமென்றால் பல ஆயிரம் யூரோ. அதையும் இந்தத் தோளுக்கு ஏற்ற அளவில் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும்.

"அப்ப நாமளே செய்யலாமே" என்று முதலில் சொன்னது நான். நண்பன் சிரித்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பக்கத்துத் தெரு ஆசாரியார் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்தேன். ஸ்டூல் செய்யப் பழகினேன், பழைய பிரம்பு நாற்காலிகளுக்குக் கால் மாற்றினேன். அவ்வளவுதான். ஆனால் ஆசாரியார் அப்படி அல்ல. அறுபது தாண்டியவர். அவருடைய அப்பா தம்புரா பழுது பார்த்தவர். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கதவு ஜன்னல் எல்லாம் இப்போது இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் வருவதால் பட்டறையில் பாதி நாள் வேலை இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "புஸ்தகம் இருக்கா ஐயா?"

இருந்தது. ராபர்ட் பெனடெட்டோ என்ற அமெரிக்கர் ஆர்ச்டாப் கிட்டார் செய்வதைப் பற்றி 1994-இல் வெளியிட்ட நூலை நண்பனின் மகன் அனுப்பினான். வயலின் செய்வது பற்றிய ஒரு பிரெஞ்சு நூலும் வந்தது. பிரான்சில் வோஜ் மலைப்பக்கம் மிர்க்கூர் என்ற சிறிய ஊர் இருக்கிறது. சில நூற்றாண்டுகளாக அந்த ஊரின் தொழிலே தந்தி வாத்தியம் செய்வது. வயலின், மாண்டலின், கிட்டார் எல்லாம் அங்கே செய்தார்கள். புகழ்பெற்ற வியோம் 1798-இல் பிறந்தது அந்த ஊரில்தான். 1970-இல் அரசாங்கமே அங்கே இதற்கென்று பள்ளி திறந்தது. அந்த ஊர் வழிமுறையெல்லாம் பிரெஞ்சு நூலில் இருந்தது. தினமும் மாலையில் நான் இரண்டு பக்கம் படித்துத் தமிழில் சொல்வேன். ஆசாரியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆபீசில் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரங்களைச் சனங்களுக்குப் படித்துச் சொன்ன நினைவு வந்தது. அங்கே நிலத்தின் எல்லை, இங்கே மரத்தின் எல்லை.

மரத்துக்கு வருகிறேன். முகப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு மரம். லேசாக இருக்கும், ஆனால் விறைப்பு அதிகம். பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ஜூரா மலையில் குளிரில் மெதுவாக வளர்ந்த மரங்களுக்கு வாத்தியம் செய்பவர்களிடம் தனி மதிப்பு. அந்தப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு துண்டுகளை மகன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம். ஒரு விளிம்பு 25 மில்லிமீட்டர் கனம், மறு விளிம்பு அதில் பாதி. ஒரே கட்டையைப் புத்தகம் விரிப்பது போலப் பிளந்தது. கனமான விளிம்புகள் இரண்டையும் நடுவில் சேர்த்து ஒட்டினால் கூரை மாதிரி நிற்கும்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் புத்தகம் மேப்பிள் மரம் சொல்கிறது. ஆசாரியார் பரணைக் காட்டினார். அவருடைய அப்பா பண்ருட்டியில் வாங்கிப் போட்ட பலாப் பலகை, முப்பது வருஷத்துக்கு மேல் காய்ந்தது. "வீணையும் தம்புராவும் பலாவுலதானே ஐயா செய்றாங்க? அதுக்குக் குரல் இருக்கு. இதுக்கு மட்டும் இல்லாமப் போயிடுமா?" என்றார். எடை பார்த்தோம். புத்தகம் மேப்பிளுக்குச் சொல்லும் எடையை ஒட்டியே வந்தது. பலா என்று முடிவு செய்தோம். கழுத்துக்கு மகோகனி, விரல் பலகைக்குக் கருங்காலி.

அடுத்து அளவு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு மில்லிமீட்டர் தவிர வேறு ஒன்றும் மண்டையில் ஏறாது. கூட்டல் கழித்தல் இன்றைக்கும் எனக்கு மனசுக்குள் பிரெஞ்சில்தான் ஓடுகிறது. ஆசாரியாருக்கு அங்குலமும் நூலும். எட்டு நூல் ஒரு அங்குலம். அப்படியானால் ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும். முகப்பலகை நடுவில் 6 மில்லிமீட்டர், ஓரத்தில் 3 என்று நான் படித்தேன். "நடுவுல ரெண்டு நூலு, ஓரத்துல ஒரு நூலு. அவ்வளவுதானே?" என்றார் அவர். பிரெஞ்சுக்காரன் நூலும் நம் ஆசாரி நூலும் அங்கே கைகுலுக்கிக்கொண்டன.

2022 தை மாதம் ஆரம்பித்தோம். முதலில் ஒட்டு. இரண்டு துண்டுகளின் விளிம்பையும் இழைப்புளியால் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி இழைப்பார். மூன்று நாள் ஆனது. ஒட்டியது வஜ்ஜிரத்தில். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பழைய பசை அது. இப்போது பட்டறைகளில் யாரும் தொடுவதில்லை. ஆனால் பிரெஞ்சு நூல் அதைத்தான் சிபாரிசு செய்கிறது. காரணம், பிற்காலத்தில் பழுது பார்க்க வேண்டுமென்றால் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும். வெள்ளைப் பசை அப்படி விடாது.

பிறகு செதுக்கல். முதலில் வெளிப்பக்கம், வாய் வளைந்த உளியும் கொட்டாப்புளியும் கொண்டு. அடுத்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டி இழைப்புளி. அதை அவரே பித்தளைத் துண்டில் செய்துகொண்டார். அதற்குப் பிறகு சுரண்டித் தகடு. பலா மரத்தில் இழை மாறி மாறி ஓடும். இழைப்புளி பட்டால் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே உடைந்த கண்ணாடித் துண்டால் பொறுமையாகச் சுரண்டினார். உள்பக்கத்துக்கு வேறு வழி. எங்கே எவ்வளவு கனம் மிஞ்ச வேண்டுமோ அந்த ஆழத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள் துளைத்துக்கொண்டு, குழிகள் மறையும்வரை செதுக்குவது. நான் பலகை மேல் மூன்று சென்டிமீட்டர் கட்டம் போட்டு, டயல் கருவியால் ஒவ்வொரு கட்டத்தின் கனத்தையும் அளந்து பேரேட்டில் எழுதி வைத்தேன். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்த ஸ்ப்ரூஸ் கடைசியில் கால் கிலோவுக்கும் குறைவாக நின்றது. மிச்சமெல்லாம் சுருள் சுருளாக ஆசாரியார் வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போனது.

பக்கப் பட்டைகளை வளைப்பது தனிக் கூத்து. 70 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம், 2 மில்லிமீட்டர் கனமுள்ள பலாப் பட்டை. சூடான இரும்புக் குழாயின் மேல் ஈரத்தோடு அழுத்தி வளைக்க வேண்டும். புத்தகத்தில் மின்சாரச் சூடு. ஆசாரியார் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கனிந்த கரி வாங்கிவந்து குழாய்க்குள் போட்டார். முதல் பட்டை சடக்கென்று முறிந்தது. அது எதிர்பார்த்ததுதான். பலாவின் குணம் தெரிந்து கூடுதலாக மூன்று பட்டை அறுத்து வைத்திருந்தார். மறுநாளைக்குள் இரண்டு பக்கமும் அச்சுக்குள் உட்கார்ந்துவிட்டன.

ஐப்பசி பிறந்ததும் வேலையை நிறுத்திவிட்டோம். நம் ஊர் அடைமழையில் வஜ்ஜிரம் சரியாக இறுகாது, மரமும் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். அந்த மூன்று மாதமும் நண்பனுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அதுவரை வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவில் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். பயிற்சி கொடுக்க வருகிற பெண்மணி சொல்லும் பயிற்சிகளை வீட்டில் செய்யாதவன், பட்டறையில் எங்களோடு பேசிக்கொண்டே செய்வான். மழைக்காலத்தில் அதுவும் நின்றது. "நீங்க முடிக்கிறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன்டா" என்று ஒருநாள் போனில் சொன்னான். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து மறுபடி தொடங்கினோம். எஃப் துளைகளை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, உள்ளே இரண்டு தாங்கு கட்டைகளைப் பெருக்கல் குறி போல ஒட்டி, பெட்டியை மூடினோம். மூடும்போது ஓரத்தை வேண்டுமென்றே 4 மில்லிமீட்டரில் நிறுத்தியிருந்தோம். பெட்டியாக ஆன பிறகு வெளியிலிருந்து ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி, தட்டிக் கேட்டுக்கொண்டே மெலிதாக்குவதுதான் முறை. பலாப்பழம் பழுத்ததா என்று தட்டிப் பார்க்கிறோமே, அந்தக் காரியம்தான். கனமாக இருந்தால் சத்தம் அடைத்து வரும். மெலியமெலியத் திறக்கும்.

இங்கேதான் பெரிய வாக்குவாதம். எவ்வளவு மெலிது?

நண்பன் கட்சி இது: "என் வலது கையில பலம் இல்ல. தொட்டவுடனே பேசுற பலகையா வேணும். எவ்வளவு சன்னமா முடியுமோ அவ்வளவு சன்னமா எடு."

மறுபக்கம் தந்தியின் இழுவை இருக்கிறது. மெல்லிய தந்திதான் போடப்போகிறோம் என்றாலும் ஆறு தந்தியும் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல் இழுக்கும். குதிரை மேல் மடிந்து போகும் கோணத்தை வைத்து நான் போட்ட கணக்கில், முகப்பலகையை எந்நேரமும் கீழே அழுத்துவது 11 கிலோ. ஆசாரியார் கணக்கை நம்பவில்லை. மளிகைக் கடையிலிருந்து 10 கிலோ அரிசிப் பை வாங்கிவந்து, குதிரை நிற்கும் இடத்தில் சின்னக் கட்டை வைத்து, அதன் மேல் பையை நிறுத்தி இரவெல்லாம் விட்டார். காலையில் நான் பலகை எவ்வளவு இறங்கியது என்று அளப்பேன். பிறகு கொஞ்சம் சுரண்டல், மறுபடி அரிசிப் பை. இப்படி ஒன்பது இரவு.

ஓரம் 3 மில்லிமீட்டருக்கு, அதாவது ஆசாரியாரின் ஒரு நூலுக்கு வந்தது. சத்தம் நன்றாகத் திறந்திருந்தது. நண்பன் இடது கையால் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் அரை மில்லிமீட்டர்" என்றான். ஆசாரியார் சுரண்டித் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"போதும் ஐயா."

"எனக்குப் போதாது ஆசாரியாரே. வாசிக்கப்போறது என் கைதானே? இந்தக் கைக்கு இது கனம்."

ஆசாரியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, அவருக்குச் சொல்லுங்க. இந்தக் கைக்குன்னு செஞ்சா இது ஒரு வருஷத்துச் சாமான். நாளைக்கே கை தேறிச்சுன்னா பலமா அடிப்பாரு. அப்பப் பலகை உக்காந்துடும். நான் தேறின கைக்குச் செய்றேன்."

நண்பன் பதில் சொல்லவில்லை. டாக்டர்கள் அவனிடம், இனிமேல் இவ்வளவுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலும் நாங்கள் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் அவனை நடத்திக்கொண்டிருந்தோம். அவன் கை தேறும் என்ற எண்ணத்தில் ஒருவர் ஒரு காரியத்தை முடிவு செய்தது இதுதான் முதல் தடவை. கடைசியில், "சரி, ஒரு நூலே இருக்கட்டும்" என்றான். பேரேட்டில் அன்றைய தேதியைப் போட்டு, ஓரம் 3 மி.மீ., முடிவு என்று எழுதினேன்.

மிச்ச வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரையிலிருந்து மேல்முனை வரை தந்தி நீளம் 610 மில்லிமீட்டர். மெட்டு வைக்கிற கணக்கு அழகானது. மொத்த நீளத்தை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும், எங்களுக்கு 34.2 மில்லிமீட்டர். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 305-இல் வந்து நிற்கும். நின்றது. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிப்பதால் தேய்ந்தால் சரிசெய்துகொள்ளலாம். கிட்டாரில் கருங்காலியில் வெட்டிப் பதித்தால் பதித்ததுதான். பூச்சு, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கிற நம் ஆசாரிகளின் பிரெஞ்சு பாலிஷ். மாசி, பங்குனி வெயிலில் செய்தோம். காற்றில் ஈரம் இருந்தால் அது பால் போல வெளுத்துவிடும். கழுத்தை டவ்டெயில் பொருத்தில் இறக்கி, கருங்காலியில் குதிரையும் நாகபாசமும் செய்து முடிக்க 2023 ஜூன் ஆகிவிட்டது.

தந்தி கட்டிய அன்று பட்டறையில் நாங்கள் மூன்று பேரும் நண்பனின் மனைவியும் மட்டும். முதலில் வந்த சத்தம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. அடித்தந்தியில் கனம் குறைவு, 34 சென்டிமீட்டர் உடம்புக்குள் அவ்வளவுதான் காற்று. மேல்தந்திகள் தெளிவாக, சுருக்கென்று வந்தன. நண்பன் கிட்டாரை மடியில் வைத்தான். முழங்கை விலாவை ஒட்டியபடியே இருக்க, மணிக்கட்டு தந்தி மேல் வந்து நின்றது. தோள் எழும்ப வேண்டியிருக்கவில்லை. நான்கு தாளக்கட்டு வாசித்தான். நிறுத்தினான். "கனமாத்தான் இருக்கு" என்றான். ஆசாரியார், "வாசிங்க. வாசிக்க வாசிக்கத் திறக்கும்" என்றார்.

ஜாங்கோ ரெயின்ஹார்ட் கதை அவனுக்கு மனப்பாடம். 1928-இல் கூண்டுவண்டி தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல் முடங்கிப்போன ஜிப்சி. மிச்ச விரல்களை வைத்துக்கொண்டே உலகப் புகழ் பெற்ற கிட்டார்க்காரர் ஆனார். முன்பெல்லாம் அந்தக் கதையை யாராவது ஆறுதலுக்குச் சொன்னால் நண்பனுக்குக் கோபம் வரும். "அவனுக்குப் பதினெட்டு வயசுடா. எனக்கு எழுபது" என்பான். இப்போது அவனே பயிற்சிப் பெண்மணியிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கை தேறியதா என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். தோள் அப்படியேதான் இருக்கிறது. மணிக்கட்டிலும் விரலிலும் பலம் கூடியிருக்கிறது. முதல் மாதம் ஐந்து நிமிஷம் வாசித்தால் கை நடுங்கும். இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் வாசிக்கிறான். வேகமான உருப்படிகளைத் தொடுவதில்லை. போன டிசம்பரில் அழுத்தி வாசித்து ஒரு தந்தியை அறுத்துவிட்டான். அதை ஆசாரியாருக்குப் போன் போட்டுச் சொன்னான். அவர் சொன்ன பதில்: "பலகை எப்படி இருக்கு?" பலகை இறங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் போய் அளந்து பேரேட்டில் எழுதுகிறேன். மஞ்சளாக இருந்த பலா இப்போது தேன் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

மகன் அவர்களைப் பிரான்சுக்கு வந்துவிடச் சொல்கிறான். குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் சூடேற்றுவதால் காற்று வறண்டுபோகும், நம் கடற்கரைக் காற்றில் பிறந்த பலகை வெடிக்கும் என்று ஆசாரியார் எச்சரித்திருக்கிறார். கிட்டாரைக் காரணம் காட்டி நண்பன் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் மனைவிக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஐயாயிரத்துக்குக் கடையில் கிடைக்குமே என்றவருக்கு என் பதில் இதுதான். கிட்டார் கிடைக்கும். ஒன்றரை வருஷம் பட்டறைக்கு வந்து உட்கார ஓர் இடம் கிடைக்காது. தேறின கைக்குச் செய்கிறேன் என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கமாட்டார்.

பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண்மணியின் தம்பிக்கு இதே அளவில் இன்னொன்று வேண்டுமாம். ஆசாரியார் சம்மதித்துவிட்டார். ஸ்ப்ரூஸ் வந்துவிடும், ஆனால் பரணில் இருந்த பலகை தீர்ந்துவிட்டது. உங்களில் யார் வீட்டிலாவது பழைய பலாப் பலகையோ கதவோ இருந்தால் விறகுக்கோ பழைய மரக்காரருக்கோ போட்டுவிடாதீர்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத கனம், பூச்சி அரிக்காதது. ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே டேப்போடு வந்து பார்க்கிறேன்.